கூப்பிடு தூரம்

இந்தக் கதை எனக்கு வேறொருவர் சொல்லித்தான் வந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், "ஊசிப்பாறைன்னு ஒரு ஊரு. அங்க ஒரு படிச்ச முட்டாளு..." என்று ஆரம்பித்தார். அந்த முட்டாள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. என் நிறுத்தம் வரும்வரை சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் விட்ட இடங்களை மட்டும் நிரப்பி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதுவும் மின்னியலில். மதுரைக் கம்பெனி ஒன்று, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனிலேயே நேர்காணல் என்று கடிதம் போட்டிருந்தது. ஊசிப்பாறையில் செல்போன் எடுக்காது. படிப்பகத்துப் போன் இடி விழுந்து கருகிவிட்டது. லைன் மட்டும் பிழைத்திருந்தது.

மூடிக்கிடந்த எஸ்டேட் பங்களாவிலிருந்து பழைய கறுப்புப் போன் ஒன்றைத் தூக்கி வந்தோம். கூடவே ஒரு மரப்பெட்டி. லைன்மேன் சிங்கராயர் வந்து பார்த்தார்.

"இந்தப் போனுக்குள்ள மணி கிடையாது. மணி பெட்டியில இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒயர் இழுத்துக்கங்க. பெட்டி கூப்பிடு தூரத்துல இருக்கட்டும். மணிச் சத்தம் கேட்டா மட்டும் ரிசீவரைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

"யாரு கூப்பிடுற தூரம்?" என்று கேட்டார் என் மாமா சடையாண்டி.

"ஊர்லயே பெரிய தொண்டை உங்களுதுதான்" என்றாள் குருவம்மாள் அத்தை.

"அப்ப நானே கூப்பிடுறேன். மாப்ள, பெட்டியத் தூக்கிட்டு நட. என் சத்தம் கேக்குற கடைசி இடத்துல மாட்டு."

மாமா "மாப்ளேய்!" என்று கத்தக் கத்த நான் நடந்தேன். ஓடை தாண்டியும் கேட்டது. புளியந்தோப்பு தாண்டியும் கேட்டது. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. தொட்டியிலேயே பெட்டியை மாட்டினேன். திருவிழா மைக்செட் ஒயர் மொத்தமும் செலவாகிவிட்டது. இணைப்பெல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன். பேருந்தில் கதை சொன்னவர் இதைச் சொல்லவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாமா பெட்டியடியில் நின்றார். அத்தையும் நானும் போனடியில். பதினொன்றுக்குத் தூரத்திலிருந்து குரல் வந்தது: "மாப்ளேய்! மணி அடிக்குதுடா!"

ரிசீவரில் கை வைத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, உனக்கு மணிச் சத்தம் கேட்டுச்சா?"

"மாமா சத்தம்தான் கேட்டுச்சு."

"லைன்மேன் என்ன சொன்னாரு?"

யோசித்துப் பார்த்தேன். அத்தை பேச்சில் தவறு தெரியவில்லை. தொட்டிக்கு ஓடினேன். நான் போய்ச் சேரவும் இரண்டாவது தடவை அடித்தது. காதாரக் கேட்டேன். திரும்பி ஓடிவந்து முறைப்படி ரிசீவரைத் தூக்கினேன். கொர்ரென்றது.

மணியும் போனும் ஒரே இடத்தில் இருந்தால் தேவலை என்று அப்போதுதான் பட்டது. போனைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். ஓடையில் மாமா பெட்டியோடு எதிரே ஓடிவந்தார்.

"எங்க மாமா?"

"போன் இருக்குற இடத்துக்கு! நீ?"

"மணி இருக்குற இடத்துக்கு!"

நேரமில்லாததால் அதற்கு மேல் பேசவில்லை. அவரவர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: 'மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. வேலை வேண்டுமானால் உடனே எங்களைக் கூப்பிடவும்.'

கூப்பிட வேண்டுமென்றால் ரிசீவரைத் தூக்க வேண்டும். மணி அடிக்காமல் எப்படித் தூக்குவது? மாமா பாறைமேல் ஏறி, மதுரைப் பக்கம் திரும்பி, கையைக் குவித்து, "கம்பெனியேய்!" என்று மூன்று முறை கூப்பிட்டார். பிறகு இறங்கி வந்தார்.

"யாரும் எடுக்கல மாப்ள."

பின்னால் விசாரித்துப் பார்த்தேன். மதுரை இங்கிருந்து எழுபத்தொரு கிலோமீட்டர். மாமா மேல் தப்பில்லை, அன்றைக்கு எதிர்க்காற்று.