உள்தாழ்ப்பாள்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அறிவியல் கதை எழுதக் கற்றுக்கொள்ள ஆள் தேடித் திருமேனி அலைந்தபோது, வேதாரண்யம் பக்கம் ஒரு பழைய உப்புக் கிடங்கில் சுடர்க்கொடி என்றொருவர் நாலைந்து பேருக்குச் சொல்லித்தருகிறார் என்றார்கள். போனார், ஒட்டிக்கொண்டார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிற திருமேனி, சுடர்க்கொடியை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். சுடர்க்கொடி இவரை 'சார்' என்றார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அன்றைக்கு வகுப்பு கிடையாது. பொழுது சாய்கிற நேரத்தில் திருமேனி வந்து, தோள்பையை வெளிப் பெஞ்சில் போட்டுவிட்டு, கிடங்கின் வாசலில் நின்றார். வாட்டசாட்டமான ஆள். அவர் நின்றால் அந்த வாசலில் இன்னொருவர் நுழைய இடம் இருக்காது.

"வெளிச்சத்தை மறைக்கிறீங்க சார். உள்ள வாங்க," என்றார் சுடர்க்கொடி.

திருமேனி நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"டீச்சர், கதையில வர்ற இயந்திர மனுஷங்களுக்கு ஆண், பெண்ணுன்னு வேணுமா? காதல் வேணுமா?"

"இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"வெயில் டீச்சர்."

"வெயில் இறங்கி ரொம்ப நேரமாச்சு."

வெயில் இல்லைதான். திருமேனி பயந்துபோயிருந்தார். வியாழக்கிழமையிலிருந்தே பயம்.

விஷயம் இதுதான். ஒரு வார இதழில் அவர் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். கடலுக்கு அடியில் ஒரு நிலையம், அதைத் தனியாகக் காக்கிற ஆதன் என்கிற பொறியாளன். தனிமை தாங்காமல் அவன் தன் கையாலேயே செய்துகொண்ட இயந்திரப் பெண் எழினி. ஆதன் எது சொன்னாலும் எழினி தலையைக் கொஞ்சம் சாய்த்து, "உங்க இஷ்டம்" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் வாசகர்கள் உருகிப்போனார்கள். கடைசி அத்தியாயத்தில் இருவருக்கும் கல்யாணம் வைத்தே தீர வேண்டும் என்று ஆசிரியர் குழுவில் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

திருமேனி எழுதுவதை முதலில் படிப்பது அவர் மனைவி கோமளா. எழுத்துப் பிழை பார்த்துக் கொடுப்பாள், கருத்து எதுவும் சொல்லமாட்டாள். வியாழக்கிழமை மட்டும் படித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அவ ஒருநாள் வேண்டாம்னு சொன்னா ஆதன் என்ன செய்வான்?"

திருமேனி சிரித்தார். "சொல்லமாட்டா. அப்படிச் சொல்ற மாதிரி அவளை அவன் செய்யவே இல்லையே."

கோமளா காகிதங்களை அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"சரி. உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லைப் போட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் திருமேனிக்குக் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. எழினியின் அந்த வார்த்தையைத் தானே கற்பனை செய்ததாக அவர் நினைத்திருந்தார். அந்த வார்த்தை, அந்தச் சாய்வு, கடைசியில் குரல் இறங்குகிற விதம் எல்லாமே இருபது வருஷத்துக்கும் மேலாகத் தன் வீட்டுக்குள் புழங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு வரி ஓடவில்லை. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த அறையில் பாத்திரச் சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டு பயமில்லை. அவளிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும், என்ன பதில் வருமோ என்று பயம். 'உங்களைப் பிடிக்கும்' என்றே பதில் வந்தாலும் அதைத் தன்னால் நம்ப முடியாதே என்பது அதைவிடப் பெரிய பயம்.

இதில் எதையும் அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. கதையை மட்டும் சொன்னார்.

"டீக்கடையில நண்பர்கள் ரெண்டு கட்சியா நிக்கிறாங்க டீச்சர். இரும்புக்கு ஏதுய்யா ஆம்பளை பொம்பளைங்கிறான் ஒருத்தன். காதல் இல்லேன்னா எவன் படிப்பான்கிறான் இன்னொருத்தன். நீங்க சொல்லுங்க."

"எழினிக்கு அங்க வேலை என்ன?"

"குழாய்ல கசிவு வந்தா அடைக்கணும்."

"அதுக்கு எதுக்கு சார் இடுப்பும் வளையலும்?"

திருமேனி அசடு வழிந்தார். "வாசகர்கள்..."

"வாசகர்களை விடுங்க. ஆதனுக்கு எதுக்கு?"

"அவன் தனியா இருக்கான் டீச்சர். பாவம்."

"சரி. எழினிக்கு அவன் மேல ஆசை இருக்கா?"

"உயிரையே வெச்சிருக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவளே சொல்றா. எல்லா அத்தியாயத்துலயும் சொல்றா."

சுடர்க்கொடி எழுந்து கிடங்கின் பின்பக்கம் நடந்தார். அங்கே பழைய உப்பு இருப்பு வைத்திருந்த உள்ளறை ஒன்று உண்டு. கதவைத் தள்ளித் திறந்தார்.

"உள்ள போய்ப் பாருங்க சார்."

திருமேனி உள்ளே போனார். பார்க்க என்ன இருக்கிறது என்று திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. வெளியே இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது.

கும்மிருட்டு. ஜன்னல் இல்லை. காலடியில் ஈர உப்பு நறநறத்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவர் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"சௌகரியமா இருக்கா சார்?" கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல், எப்போதும்போல மெதுவாக.

"இருக்கு டீச்சர்."

"என் மேல மரியாதை இருக்கா?"

"இதென்ன கேள்வி. நிறைய இருக்கு."

"நல்லா சொல்லித்தர்றேனா?"

"உங்களை மாதிரி யாரு சொல்லித்தருவா."

"இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கீங்களா?"

திருமேனி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் திறப்பாரா, இல்லை மனம் கோணிப்போய் அப்படியே விட்டுவிடுவாரா என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் இருப்பது அந்தப் பக்கம். எதற்கு வம்பு என்று தோன்றியது.

"உங்க இஷ்டம் டீச்சர்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கடைசியில் குரல் இறங்கியிருந்தது. இருட்டில் தன் தலைகூடச் சாய்ந்திருப்பதை உணர்ந்து பதறி நிமிர்ந்தார்.

வெளியே பதில் இல்லை. செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

"டீச்சர்?"

காற்று மட்டும் கேட்டது. பக்கத்தில் வீடு வாசல் கிடையாது, நாலாபுறமும் உப்புப் பாத்திகள்தான். கைப்பேசி வெளிப் பெஞ்சில் பைக்குள் கிடந்தது. திருமேனி கதவைத் தடவினார். மேலிருந்து கீழே, இந்த ஓரம், அந்த ஓரம். மழமழவென்று பலகை. ஒரு கைப்பிடி இல்லை, ஒரு கொக்கி இல்லை. யார் வைக்கப்போகிறார்கள்? உப்புக்காகக் கட்டிய அறை. மூட்டை எழுந்து வந்து கதவைத் திறக்கவா போகிறது?

கதவிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டார். அந்த இருட்டில் அவருக்குத் திருத்துறைப்பூண்டி வீடு ஞாபகத்துக்கு வந்தது.

அவர் பெண் பார்க்கப் போன வீடு. கூடத்தில் ஜமக்காளம், தட்டுகளில் கேசரியும் பஜ்ஜியும். கோமளா காபித் தட்டோடு வந்து, கொடுத்துவிட்டு, சுவரோரம் நின்றாள். திருமேனியின் பெரிய மாமா, "பொண்ணுக்குச் சம்மதம்தானே?" என்றார். "அவ என்ன சொல்லப்போறா, நாங்க சொன்னா சரிதான்," என்றார் கோமளாவின் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். இல்லை, பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று யாரோ சொல்ல, பக்கத்தில் நின்ற அத்தை அவள் முழங்கையைத் தொட்டாள். கோமளா தலையை அசைத்தாள்.

அந்தத் தலையசைப்பைத் திருமேனி இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததுமே சரின்னுட்டா என்று பாலிடெக்னிக்கில் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார். ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசினதில்லை என்று அதோடு சேர்த்துக்கொள்வார்.

இப்போது அவள் முகம் ஞாபகம் வரவில்லை. மற்றவர்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்பதுதான் வரிசையாக வந்தது. அடுப்படிக் கதவை அடைத்துக்கொண்டு பெண்கள். மாடிப்படியில் அவள் தம்பிமார். கூடத்தில் அப்பாவும் சித்தப்பாக்களும். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பாள்? தெருவாசலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்று யோசித்தார். அவரேதான். மாப்பிள்ளைக்குக் காற்று வரட்டும் என்று அங்கே போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை 'உங்க இஷ்டம்'. ஆசிரியப் பயிற்சிக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டபோது, இப்போ எதுக்கு என்றார். உங்க இஷ்டம். அம்மாவோடு பத்து நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்றாள், இங்கே யார் பார்ப்பது என்றார். உங்க இஷ்டம். அதையெல்லாம் அன்பு என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அன்பாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழியும் இல்லை. அவர் திரும்பி இரண்டு கையாலும் கதவை அறைந்தார்.

"திறங்க டீச்சர். வேண்டாம், எனக்கு இங்க இருக்கப் பிடிக்கலை. பயமா இருக்கு."

கதவு உடனே திறந்தது. சுடர்க்கொடி வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"நான் எங்கயும் போகலை சார். செருப்பைக் கழட்டிட்டு வந்து இங்கயேதான் உக்காந்திருந்தேன்."

திருமேனியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டீச்சர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்தார், பாதி கழுத்தில் வழிந்தது.

"இப்போ கேக்குறேன். என் மேல மரியாதை இருக்கா?"

திருமேனி கிடங்கின் வாசலைப் பார்த்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே பாத்திகளில் கடைசி வெளிச்சம்.

"இப்போ இல்லை. உங்க மேல ஆத்திரமா இருக்கு."

"இதை நம்புறேன்," என்றார் சுடர்க்கொடி. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "மன்னிச்சுக்குங்க சார். செஞ்சது தப்புதான்."

திருமேனி பெஞ்சிலிருந்து பையை எடுத்து வந்தார். போய்விடத்தான் நினைத்தார். போக முடியவில்லை.

"எழினிக்குக் காதல் வேண்டாங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே. அவ பொண்ணா இருக்கட்டும், ஆணா இருக்கட்டும், ரெண்டும் இல்லாம இருக்கட்டும். யாரை வேணும்னாலும் காதலிக்கட்டும். முதல்ல அவ அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைங்க. அப்புறம் அவகிட்டயே கேளுங்க."

"வெச்சா..." திருமேனி உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அவ திறந்துட்டுப் போயிட்டா?"

"ஆதன் கேக்குறானா, நீங்க கேக்குறீங்களா?"

அவர் பையைக் கைமாற்றிப் பிடித்தார்.

"நான் கதையைப் பத்திக் கேக்க வரலை டீச்சர்."

"தெரியும். உள்ளேருந்து உங்க இஷ்டம்னு சொன்னீங்களே, அது உங்க குரல் இல்லை."

"வீட்டுல கோமளா இருக்கா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"இன்னைக்கே கேட்டுடணும். என்னைப் புடிச்சுதான் வந்தியா, புடிச்சுதான் இருக்கியான்னு. கேட்டா ஆமாங்கன்னுதான் சொல்லுவா. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? எனக்குப் பயமா இருக்கு டீச்சர். எப்படிக் கேட்டா அவ நெசத்தைச் சொல்லுவா?"

கிடங்குக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே நின்ற சுடர்க்கொடி, வாசலில் நின்ற திருமேனியை ஒரு தரம் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கேக்குறதுக்கு முன்னாடி, வாசலை விட்டுத் தள்ளி நில்லுங்க சார்."