மேடேறாத பொம்மை ரயில்

மில் முதலாளி ராஜகோபாலுக்கு ஒரு பொம்மை ரயில் இருந்தது. அதைப் பார்த்து ஊரே வாய் பிளக்க வேண்டும் என்ற வியாதியும் இருந்தது. அந்த வருஷக் கொலுவில் அதை மலையேற விட்டார். ரயிலோ அடிவாரத்திலேயே நின்று சக்கரத்தைச் சுற்றியது. எப்படி ஏறும்? கடைசிப் பெட்டியில் தன் தலையையே பித்தளையில் வார்த்து ஏற்றியிருந்தார் மனுஷன்.

"நீ தண்டவாளம் துடைச்ச லட்சணம்தான் வழுக்குது! விருந்தாளிங்க முன்னாடி ரயில் ஏறணும். இல்லேன்னா வேலைய விட்டு நீ இறங்கு!" என்று வேலைக்காரி செங்கமலத்தின் மேல் பாய்ந்தார்.

விருந்தாளிகள் வந்ததும் செங்கமலம் பித்தளைத் தலையை எடுத்து எஞ்சின் மேல் வைத்துக் கட்டினாள். சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வியது. ரயில் விறுவிறுவென்று மலையேறியது.

முதலாளிக்கு மீசை துடித்தது. "என் தலைய எதுக்கு அங்க கட்டினே?"

"எஞ்சினுக்குத் தலைக்கனம் பத்தலீங்க. அதான் உங்களுத எடுத்து வச்சேன்."

கூடமே கொல்லென்று சிரித்தது.

"எடு அதை!" என்று கத்தினார்.

எடுத்துப் பழையபடி கடைசிப் பெட்டியிலேயே வைத்தாள். அடுத்த சுற்றில் ரயில் பழையபடி அடிவாரத்தில் நின்றது.

"உங்க தலைக்கனத்தால ஆன ஒரே நல்ல காரியம் இதுதானுங்க," என்றாள் செங்கமலம். "அதையும் வேண்டாங்கறீங்களே!"