கடைசி வரிசையில் ஒரு புது ஆள்

இனிமேல் ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் சண்முகக்கனி வந்திருந்தாள்.

வாத்தியாரம்மா ஏசுவடியாள் முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒயிலாட்டம் என்றால் அவர்தான். பதின்மூன்று வயதில் கனியின் கையில் துணியைக் கொடுத்து வரிசையில் நிறுத்தியவரும் அவரே. கனிக்கு இப்போது இருபத்தேழு.

“உக்காரு. எத்தனை பிள்ளைங்க வருது?”

“ஆரம்பத்துல இருபத்தி நாலு. இன்னைக்கு ஒம்பது.”

எல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எட்டுப் பேருக்குக் குறைந்தால் ஆட்டம் வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

“எதுக்குப் போகுதுங்க?”

“அடி வரல. திருத்துனா மூஞ்சி சுருங்கிருது. முந்தாநாள் தங்கமாரின்னு ஒரு பிள்ளையை, ‘உன்னால வரிசையே கெடுது’ன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன். துணியை நாலா மடிச்சு என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. அவ பின்னாலயே நாலு பேரு.”

கனி முறத்திலிருந்த ஒரு புளியை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கினாள்.

“எனக்கு ஆடத் தெரியும், வாத்தியாரம்மா. சொல்லிக்குடுக்கத் தெரியல. புதுசா வர்ற பிள்ளைக்குக் கூச்சத்தை எப்படிப் போக்குறது?”

ஏசுவடியாள் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு?”

“நாலு மணிக்கு.”

“வாரேன். நான் யாருன்னு சொல்லாத.”

மறுநாள் கனி கைபேசியில் மேளத்தைப் போட்டதும், ஏசுவடியாள் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் வந்தார்.

“டீச்சர், நானும் படிச்சுக்கிடலாமா?”

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கனி தலையாட்டினாள். அவர் கடைசி வரிசையில் போய் நின்றார்.

மூன்று அடி முன்னே, வலப்பக்கம் ஒரு சுற்று, ஒரு துணிவீச்சு. அவ்வளவுதான் அன்றைய பாடம். எல்லோரும் வலப்பக்கம் சுற்ற, ஏசுவடியாள் இடப்பக்கம் சுற்றி, பக்கத்தில் நின்றவள்மேல் மோதினார். அடுத்த முறை துணி அவர் முகத்திலேயே விழுந்தது. மூன்றாம் முறையும் மோதல். எத்தனை மேடை கண்ட கால் அது!

தங்கமாரி வேப்பமரத்தடியில் பையோடு நின்றிருந்தாள். கூட பஸ்ஸில் வரும் தோழி இன்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நான்காம் முறையும் ஏசுவடியாள் இடப்பக்கம் சுற்றியபோது தங்கமாரியால் பொறுக்க முடியவில்லை.

“ஐயோ பெரியம்மா, அந்தப் பக்கம் இல்ல!”

“பின்ன எந்தப் பக்கம்ட்டி?”

பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். “துணி எந்தக் கையில இருக்கோ, அந்தப் பக்கம். எனக்கும் மொதல்ல வரல. நீங்க என்னையவே பாத்துக்கிட்டு வாங்க.”

முன்னே நின்று ஆடிக்காட்டினாள். மூன்று அடி. சுற்று. வீச்சு. முழங்கை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கனி சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் தங்கமாரியிடம் போனாள்.

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“பரவால்ல டீச்சர்.” தங்கமாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “பெரியம்மாவை நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கும் வருவாங்கல்லா?”

பெரியம்மா தினமும் வந்தார். பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க நீ முந்தி நான் முந்தி என்று ஆனது. தங்கமாரியின் பின்னால் போன நாலு பேரும், அதற்கு முன்பே நின்றுவிட்டவர்களில் ஐந்து பேரும் திரும்பினார்கள். விழா மேடையில் பத்தொன்பது பேர் ஏறினார்கள். நடுவில் ஒருத்தன் மாறிச் சுற்றிவிட்டான். பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள்.

விழா முடிந்து கனியும் வாத்தியாரம்மாவும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி தூரத்தில் கனி பேச்செடுத்தாள்.

“எனக்கு நீங்க சொல்லிக்குடுத்தப்ப, குனிஞ்சு நிமிர்ற அடி உங்களுக்கு மறந்து மறந்து போகும்.”

“ஆமா.”

“நான்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்துக்குடுப்பேன். வாத்தியாரம்மாவுக்கே நான் சொல்லிக்குடுக்கேன்னு அம்மாட்ட பெருமையடிச்சிருக்கேன்.”

ஏசுவடியாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“இத்தனை வருஷமா அதை நெசம்னே நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்.” கனி அவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு ஒரு நன்றிகூட நான் சொன்னதில்ல.”

“நான் மட்டும் உனக்குச் சொன்னேனா?”

“எனக்கு எதுக்கு?”

ஏசுவடியாள் நடையை நிறுத்தினார்.

“அது எங்க வீட்டுக்காரர் தவறின வருஷம். மொத ரெண்டு நாள் வேணும்னுதான் மறந்தேன். அப்புறம் நெசமாவே மறந்துச்சு. நீதான் என் கையைப் பிடிச்சு, ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்’னு ஒவ்வொரு அடியா எடுத்துக்குடுத்த. அன்னைக்கே நன்றி சொல்லணும்னு இருந்தேன். சொன்னா, மொதல்ல நடிச்சதை நீ கண்டுபிடிச்சிருவியே.”