ப்ரூனோ முக்கோணம்

"என் பிள்ளைங்க ஒருத்தர்கூடவா தேறல, மேடம்?"

கேட்டவர் எம்.பி.ஏ. பேராசிரியர் பொன்னுலிங்கம். எதிரே, கல்லூரியில் நேர்காணலை முடித்திருந்த ஜெனிட்டா. குளிர்பதன லாரி நிறுவனம் ஒன்றின் மனிதவள அதிகாரி. வயதில் அவருக்கு ரொம்பவே இளையவர்.

பெருந்தொற்றுக்குப் பிறகு ஆள் எடுக்க அந்தக் கல்லூரிப் பக்கம் வந்த ஒரே நிறுவனம் அதுதான். அதுவும் வெறுங்கையோடு போய்விட்டால், அடுத்த ஆண்டு எம்.பி.ஏ. வகுப்பையே மூடிவிடுவார்கள்.

"கொரோனாவுக்கு அப்புறம் எல்லாம் மாறிப்போச்சுங்கறீங்க. புதுசா என்ன திறமை வேணும், சொல்லுங்க. பாடத்துல சேத்துடறேன். டேட்டா அனலிட்டிக்ஸ் சேத்தாச்சு. ஏ.ஐ.யும் சேத்தாச்சு."

ஜெனிட்டா தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சார், ப்ரூனோ முக்கோணம் நடத்தினீங்களா?"

"நடத்தாம? மூணாவது செமஸ்டர்ல வருதே."

"அது என்ன சொல்லுது?"

"செலவு, தரம், நேரம். மூணுக்கும் நடுவுல ஒரு சமநிலை."

"உங்க பிள்ளைங்களும் அதத்தான் சொன்னாங்க. ஒருத்தர் படமே வரைஞ்சு காட்டினார்."

பொன்னுலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன ஏன் மேடம் வேண்டாம்னுட்டீங்க?"

"ப்ரூனோ எங்க வீட்டு நாய், சார்."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"முக்கோணம்?"

"அது கவ்வுற பிஸ்கட்."



"மடக்கறதுக்காகக் கேக்கல சார்," என்றார் ஜெனிட்டா. "ஊரடங்கு நேரம், லாரி அனுப்பறதையும் நான்தான் பாத்துக்கிட்டேன். பால் ஏத்தின லாரி கிளம்பணும். மாநில எல்லையில விடுவாங்களான்னு கேட்டேன். எங்க மேனேஜர்கள் எல்லாரும் 'கண்டிப்பா விடுவாங்க'ன்னாங்க. லாரி அங்கேயே நின்னு, பால் பூராத் திரிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"அடுத்த லாரிக்கும் அதே கேள்விய கேட்டேன். புதுசா சேந்த ஒரு பொண்ணு மட்டும், 'தெரியல மேடம், செக்போஸ்டுக்குப் போன் போட்டுக் கேக்கறேன்'னுச்சு."

"பால்?"

"போய்ச் சேந்துச்சு."

பொன்னுலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான் மேடம் பழக்கினேன். எது கேட்டாலும் பேச்ச நிறுத்தாதே, சிரிச்ச முகமா இருன்னு."

"சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க."

பொன்னுலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு மெயில் போட்டுட்டுப் போயிருக்கலாம் நீங்க. எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

"போயிருக்கலாம்."

சண்டைக்கு வந்த மனிதர் எழுந்து நின்று கை கூப்பினார்.

"மறுபடி வருவீங்களா மேடம்?"

"அடுத்த மாசம் வர்றேன் சார். வேற கேள்வியோட."

வகுப்பு அவருக்காகக் காத்திருந்தது. அத்தனை முகங்களும் தொங்கிப் போயிருந்தன. நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னார், நாய் உட்பட.

"அடுத்த மாசம் என்ன கேப்பாங்க சார்?" என்றான் ஒருவன்.

இத்தனை ஆண்டுகளில் எந்தக் கேள்விக்கும் அந்த வகுப்பில் அவர் தயங்கியதில்லை.

"எனக்குத் தெரியலப்பா."



பிறகு பின்வரிசையில் சங்கமித்ரா எழுந்தாள். இரண்டு ஆண்டுகளில் வகுப்பில் அவள் வாய் திறந்ததே இல்லை.

"சார், போன செமஸ்டர்ல நீங்க நடத்தினதுல எனக்குப் பாதி புரியல."

பொன்னுலிங்கம் ஒரு நாற்காலியை இழுத்துப்போய் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப நன்றிம்மா," என்றார். "எந்தப் பாதி?"