தளவாய் கையில் மிஞ்சிய இரண்டு ஓலைகள்

பூங்குள நாட்டில் பேரேரியின் கரை உடைந்தது. கூலி வாங்காமல் மண் சுமக்க நூறு பேர் பெயர் கொடுத்தார்கள். அரண்மனை எழுத்தர் வெண்காடர் ஆளுக்கு ஓர் ஓலையாக எழுதிக் கட்டி வைத்தார். வேலை நடந்த பத்து நாளும் கரைக்கே போய், அன்றன்று வந்தவர்களின் பெயரைத் தனி ஓலைகளில் குறித்துக்கொண்டார்.

மேல்மண் கொட்டுவது மட்டும் பாக்கி இருந்தபோது, மன்னர் சேந்தனார் சபையில் அறிவித்தார்: "வந்து உழைத்தவர்களுக்கு விருந்து! பெயர் கொடுத்துவிட்டு ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவர், ஆளுக்கு நாற்பது கூடை மண் சுமக்கட்டும். யார் யார் வரவில்லை?"

தளவாய் மல்லையர் துள்ளி எழுந்தார். "வருகை ஓலை எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன், மன்னா. வராதவர் பெயர் ஒன்றுகூட இல்லை! இந்த எழுத்தரை வீட்டுக்கு அனுப்புங்கள். என் மைத்துனன் முத்து முத்தாக எழுதுவான்."

"வராதவர் எப்படி ஐயா வந்து பெயர் சொல்லுவார்?" என்றார் வெண்காடர்.

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. "இப்போதே கண்டுபிடித்துச் சொல்லும். இல்லாவிட்டால் நாளை முதல் மைத்துனர்தான் எழுத்தர்."

வெண்காடருக்குப் பயம்தான். விடை தெரியாததால் அல்ல, தெரிந்ததால்!

"தளவாயே, பெயர்க்கட்டை நீங்கள் பிடியுங்கள். வந்தவர்களை நான் படிக்கிறேன். அந்தப் பெயருள்ள ஓலையை உருவிக் கீழே போடுங்கள். முன்பே போட்ட பெயர் வந்தால் விட்டுவிடுங்கள். கடைசியில் கையில் மிஞ்சுவதுதான் வராதவர்."

வெண்காடர் பத்து நாளையும் படித்து முடித்தார். தளவாய் கையில் இரண்டே ஓலை.

"படியும்!" என்றார் மன்னர்.

"ஒன்று... என்னுடையது. நான் எப்படி வருவேன், மன்னா? பத்து நாளும் அரண்மனையில் சொக்கட்டான் அல்லவா ஆடிக்கொண்டிருந்தேன்!"

"நல்ல சாக்கு! சரி, மற்றது யார்?"

தளவாய் ஓலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"தயங்காமல் படியுங்கள், தளவாயே," என்றார் வெண்காடர். "உங்களோடு சொக்கட்டான் ஆடியவர்தான்."

மன்னர் ஓலையைப் பிடுங்கிப் பார்த்தார். அவருடைய பெயரேதான்!

"நான் எப்போதய்யா பெயர் கொடுத்தேன்?"

"முரசறைந்து ஆள் கேட்ட அன்றே, மன்னா. முதல் பெயரே தங்களுடையதுதான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேலை உமக்கேதான், வெண்காடரே! வேறு என்ன பரிசு வேண்டும்?"

"நாளைக் காலை கரைக்கு வரும்போது சொக்கட்டான் காய்களையும் எடுத்து வாருங்கள், மன்னா. முதல் கூடையை யார் தூக்குவது என்று ஆடி முடிவு செய்துகொள்ளலாம்."