மறுக்க ஆளில்லாத சபை

ராஜாக்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மேழிநாட்டை அதிவிக்கிரமன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். என்ன, காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவன் சபையில் இரண்டு வரிசை உண்டு. ஒன்றில் ராஜா நியமித்தவர்கள். அதற்கு நேர் எதிரே, ஊர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். அதை எதிர்வரிசை என்பார்கள். ஒருவர் தீர்மானம் சொன்னால் முரசு மூன்று முறை ஒலிக்கும். மூன்றாவது அடி விழுவதற்குள் யாராவது "மறுக்கிறேன்" என்றால் வாதம் நடக்கும், பிறகு கை தூக்குவார்கள். யாரும் மறுக்காவிட்டால் அது சட்டம். அப்புறம் ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஒரு நாள் ராஜாவுக்குப் படகு விட ஆசை வந்தது. ஏரித் தண்ணீரை அரண்மனைக் குளத்துக்குத் திருப்பத் தீர்மானம் சொன்னான். எதிர்வரிசையிலிருந்து நொச்சியூர்த் திருமேனி எழுந்தார்.

"மறுக்கிறேன், மகாராஜா. தங்கள் படகு மிதந்தால் எங்கள் பயிர் கருகும்."

ராஜாவின் முகம் சிவந்தது. திருமேனியின் பேச்சுக்கு ஊர் சிரிப்பதையும் கைதட்டுவதையும் கண்டு வெகுநாளாய் வயிறெரிந்துகொண்டிருந்த, ராஜா நியமித்த வரிசையைச் சேர்ந்த பராங்குச ராயர், இதுதான் சமயம் என்று ராஜாவின் காதைக் கடித்தார்.

"சிறையில் போட்டால் ஜனங்கள் இவரைத் தெய்வமாக்கிவிடுவார்கள், மகாராஜா. வெளியிலேயே விடுங்கள். ஆனால் இவரிடம் யாரும் பேசக் கூடாது, இவர் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. மீறினால் நாக்கு போகும். மன்னிப்புக் கேட்டு இவரே ஓடி வருவார்."

"பலே. யாரும் என்றால் யாரும்தான். நானும் பேச மாட்டேன்" என்றான் ராஜா.

அப்புறம் கை தூக்கச் சொன்னால் எந்தக் கை கீழே இருக்கும்? தண்ணீர் குளத்துக்குப் போனது. எதிர்வரிசையில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து ராஜாவின் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

முதலில் திருமேனி, "வாய்க்கு ஓய்வு" என்று சிரித்துக்கொண்டார். பிறகு சிரிப்பு வரவில்லை. நாவிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சவரம் செய்தார். எதிரே வந்த சிநேகிதர்கள் சந்துக்குள் நுழைந்தார்கள். வீட்டில் மனைவி பெரியநாயகி ஒரு முறை ஆற்றமாட்டாமல் பேச வாயெடுத்தாள். பக்கத்து வீட்டில் ராயருடைய ஆள் குடியிருந்தான். அவள் நாக்கு போய்விடுமோ என்று பயந்து திருமேனியே அவள் வாயைப் பொத்தினார். அதன்பின் அவள் சோற்றை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். திருமேனி கொட்டிலுக்குப் போய் மாட்டிடம் பேசினார். மாட்டுக்கு ராஜாவின் ஆணை தெரியாதாகையால் அது மட்டும் தலையை ஆட்டியது. பசியைக்கூட மனிதன் தாங்கிவிடுவான். தான் சொன்ன சொல் எங்கே போய் விழுந்தது என்றே தெரியாமல் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு காலையில் மனம் விட்டுப்போய், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றே அரண்மனைக்குப் புறப்பட்டார். வழியில் சந்தை. கத்தரிக்காய் வாங்கிக் காசைக் கொடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில், "கொசுறு இரண்டு எடுத்துக்கிறேன் தாயி" என்றார். கடைக்காரி வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். திருமேனி யோசனையாய் இன்னும் ஒரு கை அள்ளினார். அவள் கண்ணில் நெருப்புப் பறந்தது, வாய் திறக்கவில்லை.

அங்கேயே நின்றுவிட்டார் திருமேனி. என்னோடு பேச முடியாதவளால் என்னிடம் 'முடியாது' என்றும் சொல்ல முடியவில்லையே. காய்களைத் திருப்பிவைத்து, அவளைக் கும்பிட்டுவிட்டு, அரண்மனைக்குப் போகாமல் வீடு திரும்பினார்.

அடுத்த சபை கூடியது. ஊர் கொடுத்த இருக்கையை ராஜாவாலும் பறிக்க முடியாது. வெறிச்சோடிய எதிர்வரிசையில் திருமேனி தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

"ஏரி மதகை இன்றே வயல் பக்கம் திறக்க வேண்டும். இது என் தீர்மானம்."

முரசு ஒலித்தது. ராயர் துள்ளி எழுந்தார், நாக்கு ஞாபகம் வந்து உட்கார்ந்தார். ராஜா தான் கொடுத்த வாக்கை நினைத்துப் பேச்சை மென்று விழுங்கினான். இரண்டாவது அடி. மூன்றாவது அடி. சட்டமாகிவிட்டது.

"அடுத்து, பராங்குச ராயரின் மாந்தோப்பு ஊர் மாடுகளுக்குத் தொழுவமாகட்டும்."

முதல் அடி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. ராயர் வேர்த்து விறுவிறுத்து ராஜாவைப் பார்த்தார். அடுத்த தீர்மானம் தன் சிம்மாசனத்தைப் பற்றியதாக இருந்தால்? ராஜாவுக்கும் வேர்த்தது.

"என் ஆணையை ரத்து செய்தேன்" என்று கத்தினான்.

"மறுக்கிறேன், திருமேனியாரே, மறுக்கிறேன்" என்று அலறினார் ராயர்.

முரசு நின்றது. திருமேனி பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தார்.

"தோப்பு கைநழுவிப் போனதற்கா அழுகிறீர்?" என்றான் ராஜா.

"இல்லை, மகாராஜா. ராயர் எனக்குப் பதில் சொன்னார்."

ராஜா வெட்கத்தோடு சிம்மாசனத்திலிருந்து எழுந்தான். பிறகு தீர்மானம் சொன்னான்: "எதிர்வரிசையில் நின்று பேசியதற்காக இனி எவரையும் தொடக் கூடாது. அவர் வீட்டுக்கு நீரோ நெருப்போ பேச்சோ நிற்கக் கூடாது." மறுக்க ஆளில்லை. தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டான். போட்ட கையோடு அடுத்த புத்தி வந்துவிட்டது. "இந்த யோசனை சொன்ன ராயரிடம் இனி யாரும் பேசக் கூடாது. இதுவும் தீர்மானம்."

முரசு ஒலித்தது. ராயர் தன் வரிசையைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டாவது அடியும் விழுந்தது.

"மறுக்கிறேன்" என்றார் திருமேனி.

"உமக்கென்ன பைத்தியமா? உம் குடியைக் கெடுத்தவர் ஐயா இவர்."

"தெரியும், மகாராஜா. நாளைக்கும் இவர் எதைச் சொன்னாலும் எதிர்ப்பேன். ஆனால் அந்தத் தனிமையில் நான் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். பகையாளியைக்கூட அங்கே அனுப்ப மனம் வரவில்லை."

கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்தது ராஜாவின் கை. திருமேனியின் பக்கம்.

சபை கலைந்தது. இருவருக்கும் ஒரே வழி. "என் தோப்பில் மாடு கட்டப் பார்த்தீரே" என்று ராயர் ஆரம்பித்தார். வழிநெடுக வாய்ச்சண்டை. ராயர் வீடு வந்தும் ஓயவில்லை. திருமேனி வாசலிலேயே நின்று, "சொல்லும், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வீடு சேர்வதற்குள் சேதி எட்டிவிட்டது. பெரியநாயகி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ராயர் வீட்டு வாசல்ல அம்புட்டு நேரம் என்ன பேச்சு? இங்க ஒருத்தி காத்துக் கெடக்கிறது தெரியலையா?"

திருமேனி பதில் சொல்லவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றார்.