ஒன்பது வட்டம்

“இந்த ஓட்டைக் கம்ப்யூட்டர்ல டேட்டாபேஸா? அடுப்பு மேல ஆனையை ஏத்தற மாதிரி!” காலையிலிருந்து மூன்றாவது முறையாக மனைவியிடம் சொன்னான் கருணாகரன். கம்பெனியில் டேட்டாபேஸ் மேலாளராம்.

டேட்டாபேஸ் கற்றுக்கொள்ளும் ஆசையில் ஹேமலதா இலவச மென்பொருளை நேற்றே நிறுவியிருந்தாள்.

“ஒரே கேள்விக்குச் சரியான பதில் வரட்டும், ஒத்துக்கறேன்” என்றான்.

“பழகறதுக்குச் சமையலறைக் காலண்டரை ஏத்தினேங்க. பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. நாம சேர்ந்து சாப்பிட்ட நாளுக்கு வட்டம்.” தட்டினாள். “இந்த வருஷம் எத்தனை வட்டம்?”

கண்மூடித் திறப்பதற்குள் திரையில் வந்தது: ஒன்பது.

“தப்பு! இலவசம்னா இப்படித்தான்” என்றவன் காலண்டரைப் புரட்டி எண்ணினான். ஜனவரி முதல் அக்டோபர் வரை ஒன்பதேதான்.

“நல்லாதான் ஓடுது” என்று முனகியபடி பையை எடுத்தான்.

“இன்னிக்குப் பத்தாவது போடலாமாங்க?”

வாசலில் பைக் கிளம்பிவிட்டது.